சிங்கிள் தட்டில் அடங்கிய மயக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

1967-ஆம் ஆண்டில் லண்டனிலோ நியூயார்க்கிலோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். வழக்கமான காதல் பாட்டு ஒன்று முடியும். அடுத்ததாகத் தலைகீழாக ஓடவிட்ட டேப், சிதார், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத குரல் எல்லாம் சேர்ந்த ஒரு பாட்டு வரும். அதுவும் ஹிட் பரேடில், அதாவது அந்த வாரம் அதிகம் விற்ற பாட்டுகளின் பட்டியலில், முதல் பத்துக்குள் இருக்கும்.

சைகடெலிக் ராக் என்று அதற்குப் பெயர். எல்.எஸ்.டி. போன்ற போதைப் பொருள்கள் தரும் மயக்கத்தை ஒலியில் கொண்டுவரப் பார்த்தவர்கள் தொடங்கிவைத்த இசை. சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கிலும், லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இருந்த யு.எஃப்.ஓ. கிளப்பிலும் ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசிப்பார்கள். கேட்க வந்தது சின்னக் கூட்டம்தான். அந்த இசை எப்படி வீட்டுக்கு வீடு போனது? போதையைப் பற்றி எல்லாரும் நிறையப் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது சிங்கிள் தட்டைப் பற்றி. பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று, நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் அந்தச் சின்னத் தட்டில் மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு நிமிடம்தான் ரேடியோக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அந்தக் கெடுபிடிதான் இந்தப் பாட்டுகளில் பலவற்றைச் செதுக்கியது என்பது என் கட்சி.

பிரிட்டனின் பீட்டில்ஸ் குழு பாடிய 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். லிவர்பூலில் சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லம் ஒன்றின் பெயர் ஸ்ட்ராபெரி ஃபீல்ட். குழுவின் பாடகர் ஜான் லெனன் சிறுவயதில் அதன் தோட்டத்தில் விளையாடியவர். 1966-இல் ஒரு படப்பிடிப்புக்காக ஸ்பெயினில் இருந்தபோது இந்தப் பாட்டை எழுதத் தொடங்கினார். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. முதலில் மெல்லோட்ரான் (டேப்பில் பதிந்த வாத்திய ஒலிகளை எழுப்பும் கீபோர்டு), கிதார் வைத்து மென்மையாக ஒரு வடிவம் செய்தார்கள். அது லெனனுக்குத் திருப்தியாக இல்லை. அப்புறம் நான்கு டிரம்பெட், மூன்று செல்லோ, ஜார்ஜ் ஹாரிசன் மீட்டிய நம் ஊர் ஸ்வரமண்டல் என்று கனமாக இன்னொரு வடிவம் செய்தார்கள். இரண்டையும் கேட்ட லெனன், முன்னதின் தொடக்கமும் பின்னதின் முடிவும் வேண்டும், இரண்டையும் சேர்த்துவிடுங்கள் என்றார்.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு அதில் இரண்டு சிக்கல். இரண்டும் வேறு வேறு சுருதி, காலப்பிரமாணமும் வேறு. ஆனால் வேகமாக இருந்த வடிவத்தின் சுருதிதான் மேலே இருந்தது. டேப்பின் ஓட்டத்தைக் குறைத்தால் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். ஆகவே ஒன்றைக் கொஞ்சம் வேகப்படுத்தி, மற்றதை மெதுவாக்கி, இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் டேப்பை வெட்டி ஒட்டினார். பாட்டின் முதல் நிமிடம் முடிகிற இடத்தில் அந்த ஒட்டு இருக்கிறது. அதற்குப் பிறகு லெனனின் குரல் கொஞ்சம் தடித்து, தூக்கக் கலக்கத்தில் பாடுவது மாதிரி ஆகிவிடும். மெதுவாக்கியதன் விளைவு அது. அந்தப் பாட்டின் மயக்கத்தில் பாதியை எமெரிக்கின் வெட்டுதான் உண்டாக்கியது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதில் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1967 பிப்ரவரியில் 'பென்னி லேன்' பாட்டோடு ஒரே தட்டில் இது வெளிவந்தது. பிரிட்டனில் தொடர்ந்து முதலிடத்தையே பிடித்துவந்த பீட்டில்ஸ் இந்த முறை இரண்டாம் இடத்தோடு நின்றார்கள். முதலிடத்தை விடாமல் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தது 'ரிலீஸ் மீ' என்ற உருக்கமான காதல் பாட்டு. அதைப் பாடிய எங்கல்பெர்ட் ஹம்பர்டிங் 1936-இல் மதராசில் பிறந்தவர். எத்தனை புதுமை வந்தாலும், பழைய பாணிப் பாட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அப்போதும் ஏராளமாக இருந்தார்கள்.

டேப் வித்தைக்கு இன்னொரு உதாரணம், ஸ்மால் ஃபேசஸ் குழுவின் 'இச்சிகூ பார்க்'. பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. அதில் டிரம்ஸ் உருளும் இடங்களில், ஜெட் விமானம் தலைக்கு மேல் கடப்பது போல ஓசை முழுவதும் சுழன்று போகும். ஒரே பதிவை இரண்டு டேப் மெஷின்களில் ஒன்றாக ஓடவிட்டு, ஒன்றை மட்டும் மயிரிழை முன்பின்னாக நகர்த்தினால் இந்த ஓசை பிறக்கும். கேட்டவர்களுக்கு அந்தத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உடம்பு சிலிர்த்தால் போதும்.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் 'ஒயிட் ராபிட்' இரண்டரை நிமிடம்தான். பல்லவி திரும்பி வருவதே கிடையாது. பொலேரோ என்ற ஸ்பானிய நடனத் தாளத்தில் தாழ்ந்த குரலில் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். எழுதிப் பாடியவர் கிரேஸ் ஸ்லிக். லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் வரும் முயல், காளான், கம்பளிப்பூச்சி எல்லாம் அதில் வரும். குழந்தைகள் கதையின் பாத்திரங்கள் என்றால் யார் தடை போடுவது? பாட்டு எட்டாம் இடம் பிடித்தது. முந்தைய ஆண்டு பேர்ட்ஸ் குழுவின் 'எய்ட் மைல்ஸ் ஹை' இந்த அளவுக்கு அதிர்ஷ்டம் செய்திருக்கவில்லை. லண்டனுக்குப் போன விமானப் பயணம் பற்றிய பாட்டு என்று அவர்கள் சொன்னாலும், போதையைத்தான் பாடுகிறது என்று பல நிலையங்கள் நிறுத்திவிட்டன. பதினான்காம் இடத்தோடு சரி.

1967-இலேயே 'இன்சென்ஸ் அண்ட் பெப்பர்மின்ட்ஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் முன்னணிக் குரல் கொடுத்தவர் பதினாறு வயதுப் பையன். ஸ்ட்ராபெரி அலார்ம் கிளாக் என்ற அந்தக் குழுவில் அவர் உறுப்பினரே இல்லை.

கெடுபிடி எப்போதும் நல்லதைத்தான் செய்தது என்று நான் சொல்லவரவில்லை. டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ஏழு நிமிடம் ஓடுகிறது. அதன் உயிரே நடுவில் இருக்கிறது. ரே மான்சரெக் ஆர்கனிலும் ராபி க்ரீகர் கிதாரிலும் மாறி மாறி விரித்துக்கொண்டு போகிறார்கள். நம் கச்சேரியில் நிரவல், ஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அது உடனே பிடித்துவிடும். ரேடியோவுக்காகத் தயாரிப்பாளர் பால் ராத்சைல்டு அந்தப் பகுதியைத்தான் வெட்டினார். மூன்று நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிய பாட்டு 1967 ஜூலை கடைசியில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் நின்றது. எனக்கு அந்த வெட்டு இன்றுவரை வலிக்கிறது. ஆனால் அந்தச் சின்ன வடிவத்தைக் கேட்டு மயங்கி, ஆல்பத்தை வாங்கிப் போய் முழுசாகக் கேட்டவர்களும் உண்டு அல்லவா?

பிரிட்டனில் இந்தப் பாட்டுகளைச் சுமந்தவை கப்பல்கள். ரேடியோ கரோலைன், ரேடியோ லண்டன் போன்ற உரிமமில்லா நிலையங்கள் கடலில் நின்றபடி நாள் முழுக்கப் பாப் பாட்டு ஒலிபரப்பின. 1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவு முதல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது. செப்டம்பர் 30 அன்று பி.பி.சி. தன் ரேடியோ 1-ஐத் தொடங்கியபோது, ஒலிபரப்பாளர் டோனி பிளாக்பர்ன் முதல் பாட்டாகப் போட்டது மூவ் குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் த ரெயின்'. பிளாக்பர்னே கப்பலிலிருந்து வந்தவர்தான். பாட்டு இரண்டாம் இடம் வரை போனது. இருந்தும் அதை எழுதிய ராய் உட்டுக்கு ராயல்டி கிடைக்கவில்லை. விளம்பரத்துக்காக, பிரதமர் ஹரால்ட் வில்சனைக் கேவலமாக வரைந்த ஒரு தபால் அட்டையைக் குழுவின் மேலாளர் வெளியிட்டார். வில்சன் வழக்குப் போட்டு வென்றார். பாட்டின் ராயல்டி அறக்கட்டளைகளுக்குப் போனது. படம் போட்ட அட்டைக்குப் பாட்டு எழுதியவர் விலை கொடுத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாக, நாம் இன்று கேட்கப்போகும் பாட்டு. புரோகால் ஹாரம் குழுவின் 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்'. 1967 மே மாதம் வெளிவந்து, பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. கீத் ரீட் எழுதிய வரிகளுக்கு என்ன பொருள் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். பாடுபவர் கேரி புரூக்கர். அவர் பாடத் தொடங்குவதற்கு முன் ஜெர்மானிய இசைமேதை பாக்-கின் சாயலில் மேத்யூ ஃபிஷரின் ஹேமண்ட் ஆர்கன் வரும். அந்த இசைக்குத் தனக்கும் பங்கு உண்டு என்று ஃபிஷர் 2005-இல் நீதிமன்றம் போனார். பாட்டு வெளிவந்து 38 ஆண்டு கழித்து! 2009-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இசை உரிமையில் நாற்பது சதவீதம் அவருக்கு. வரிகள் புரியவில்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், ஆர்கனைப் பின்தொடருங்கள். இதோ, தட்டு சுழலத் தொடங்குகிறது. கேளுங்கள்.