தாயின் இல்லமும் மகளின் பட்டியலும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றில், ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே ஆகஸ்ட் மாதத்தில், வகுப்புகள் தொடங்குவதற்கு முந்தைய வாரம், வளாகத்தை ஒட்டிய ஒரு தெரு முழுவதும் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய பெரிய வீடுகளின் முன்னால், பதினெட்டு வயதுப் பெண்கள் தண்ணீர் பாட்டிலும் கைவிசிறியுமாக வெயிலில் வரிசை கட்டி நிற்பார்கள். கதவு திறந்ததும் உள்ளே இருக்கும் மாணவியர் ஒரே குரலில் பாடி வரவேற்பார்கள். அந்த வீடுகள் சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்களின் இல்லங்கள்; அந்த வாரத்துக்கு ரஷ் என்று பெயர். வரிசையில் நிற்பவர்களில் ஒரு பிரிவினரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். தாயோ பாட்டியோ அக்காவோ ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அந்தப் பெண்ணை அச்சங்கத்தின் 'லெகசி' என்பார்கள்.

இந்தச் சங்கங்கள் நேற்று முளைத்தவை அல்ல. பெண்களைக் கல்லூரிக்குள் அனுமதித்ததே பெரிய சலுகையாகக் கருதப்பட்ட காலத்தில், 1870இல், இல்லினாய் மாநிலத்து மான்மத் கல்லூரியில் காப்பா காப்பா காமாவும் இண்டியானாவின் கிரீன்காசில் நகரில் காப்பா ஆல்ஃபா தீட்டாவும் தோன்றின. சிரக்யூஸ் நகரில் 1874இல் தொடங்கப்பட்ட காமா ஃபை பீட்டாவுக்காக, லத்தீன் பேராசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல்தான் சொராரிட்டி. அதற்கு முன் பெண்களின் சங்கங்களும் ஆண்களின் சங்கங்களைக் குறிக்கும் ஃப்ரெட்டர்னிட்டி என்ற சொல்லையே இரவல் வாங்கியிருந்தன. 1902இல் உருவான தேசியப் பான்ஹெலனிக் மாநாடு என்னும் கூட்டமைப்பில் இன்று 26 சங்கங்கள் உள்ளன. இவற்றுள் ஒன்றில் முறைப்படி சேர்ந்துவிட்ட பெண், வாழ்நாள் முழுவதும் அதன் உறுப்பினர். மற்ற இருபத்தைந்தில் எதிலும் பிறகு சேர முடியாது. முதலாண்டு மாணவி ஒரு வாரத்துக்குள் எடுக்கும் முடிவு இவ்வளவு நீளமானது என்பதை நினைவில் வைத்தால்தான், அம்மாக்கள் ஏன் இத்தனை பதற்றப்படுகிறார்கள் என்பது புரியும்.

சேர்க்கை பல சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்றில் எல்லா இல்லங்களுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மாணவி தனக்குப் பிடித்த இல்லங்களை வரிசைப்படுத்துவாள். இல்லங்களும் தங்களுக்குப் பிடித்த மாணவியரைக் குறித்துக் கொடுக்கும். இரண்டையும் ஒப்பிட்டு மறுநாள் அழைப்புகள் வரும். கடைசிச் சுற்றில் பெரும்பாலும் இரண்டு இல்லங்களே மிஞ்சும். அது முடிந்த கையோடு மாணவி தன் வரிசையை எழுதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பிறகு ஏதேனும் ஓர் இல்லத்திலிருந்து 'பிட்' வரும். நம் ஊரில் பிட் என்றால் தேர்வறையில் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டு; அங்கே அது சங்கத்தில் சேருமாறு விடுக்கும் முறையான அழைப்பு. தான் எழுதிய இல்லத்திலிருந்து பிட் வந்து, அதை ஒரு பெண் மறுத்துவிட்டால், அந்த வளாகத்தில் அந்த 26 சங்கங்களில் வேறெதிலும் ஓராண்டுக்குச் சேர முடியாது.

இனி லெகசிக்கு வருவோம். பல சங்கங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. லெகசியை முதல் சுற்றோடு கழித்துக் கட்டாமல் அடுத்த சுற்றுக்கும் அழைப்பார்கள்; அவள் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டால், பெயர்ப்பட்டியலின் உச்சியில் வைத்தாக வேண்டும். கேட்பதற்கு இது வரமாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இல்லம் 80 பேரைத்தான் எடுக்கலாம், 60 லெகசிகள் வந்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அறுபது பேரையும் கடைசிச் சுற்றுக்கு அழைத்தால் மற்றவர்களுக்கு இருபது இடமே மிச்சம். ஆகவே இல்லம் என்ன செய்யும்? தனக்குத் தயக்கமிருக்கும் லெகசியைச் சற்று முன்கூட்டியே கழற்றிவிடும். கடைசி நாளில் அம்மாவின் மனத்தை நோகடிப்பதைவிட இரண்டாம் நாளிலேயே சொல்லிவிடுவது மரியாதை என்று அதற்கு ஒரு விளக்கமும் உண்டு. வரம் இப்படிச் சில சமயம் சாபமாகவும் வேலை செய்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது: 'இவள் எப்படியும் அம்மாவின் இல்லத்துக்குத்தான் போவாள்' என்று நினைத்துப் பிற இல்லங்கள் அவளைப் பட்டியலில் கீழே தள்ளிவிடக்கூடும். அதனால்தான் விவரம் தெரிந்த பெண்கள், பிற இல்லங்களில் அம்மாவின் சங்கத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

2020க்குப் பின் பல சங்கங்கள் இந்தச் சலுகையைக் கைவிட்டன. எனக்கு அது சரியாகவே பட்டது. கறுப்பினப் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்து உறுப்பினர்களின் பேத்திகளுக்கு முன்னுரிமை கொடுத்தால், அந்தப் பழைய பூட்டு இன்னும் தொங்குகிறது என்றுதானே பொருள்? அலபாமா பல்கலைக்கழகத்தில் பழைய உறுப்பினர்களின் தலையீட்டால் கறுப்பின மாணவி ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டதை, அவ்வளாகத்தின் மாணவர் நாளிதழ் 2013இல்தான் வெளிக்கொணர்ந்தது. சலுகை போனாலும் அம்மாக்களின் எதிர்பார்ப்பு போய்விடவில்லை. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்ற பழமொழியை அறியாமலே அதை நம்புகிறவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் லெகசி என்ற சொல் அண்மைக்காலம் வரை புழங்கவில்லை. முதல் தலைமுறைத் தாய் படித்தது கோவையிலோ திருச்சியிலோ. மகளுக்கு எந்த இல்லமும் சொந்தமில்லை. ஆனால் தெற்காசியப் பெண்களுக்கென்றே 1998இல் டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் தொடங்கிய சில சொராரிட்டிகள் உண்டு. அவற்றைத் தொடங்கிய மாணவியருக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. அவர்கள் வீடுகளிலும் இந்தப் பேச்சு தொடங்கும் காலம் இது.

என் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கடைசிச் சுற்றன்று காலை ஆறரை மணிக்கு என் சமையலறைக்கு வந்தாள். நான் காபிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் கைபேசியில் இரண்டு பெயர்கள் இருந்தன; ஒன்று அவள் அம்மாவின் இல்லம். "அம்மாவின் இல்லத்துக்கு மூன்று முறை போனேன், மூன்று முறையும் அம்மாவைப் பற்றியே பேசினார்கள், சுவரில் மாட்டியிருந்த, அம்மா படித்த ஆண்டின் குழுப் படத்தைக் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெண், கட்டடப் பொறியியல் முதல் பருவத்தை எப்படித் தாக்குப்பிடிப்பது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள்" என்றாள். அம்மாவின் இல்லத்தை மட்டும் எழுதிவிட்டு, கிடைக்காவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று இருந்துவிடலாமா என்பதுதான் அவள் கேள்வி.

அந்தக் கேள்விக்கு என் துறையிலேயே விடை உண்டு. மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவமனைகளைப் பொருத்தித் தரும் முறையை ஆராய்ந்து 2012இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஆல்வின் ராத், அதற்கு வெகுகாலம் முன்பே, 1991இல், சூசன் மோங்கெல் என்பவருடன் சேர்ந்து இந்தச் சொராரிட்டிச் சேர்க்கையை ஆராய்ந்திருக்கிறார். மாணவியர் பலர் ஒரே ஒரு பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. இன்றைய விதிகளின்படி அது வீண் துணிச்சல். அழைப்பு வந்த இரண்டு இல்லங்களையும் எழுதிய பெண்ணுக்கு, இல்லம் எடுக்கக்கூடிய எண்ணிக்கை நிரம்பிவிட்டாலும் கூடுதலாக ஓரிடம் பெறும் தகுதி உண்டு. ஒன்றை மட்டும் எழுதியவளுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே இரண்டையும் எழுது, ஆனால் பிட் வந்தால் சேர மனமில்லாத பெயரை எழுதாதே என்றேன். எது முதலில் என்பதை அவளிடமே விட்டுவிட்டேன்.

அவள் பொறியியல் பெண்ணின் இல்லத்தை முதலில் எழுதினாள், அதுவே கிடைத்தது. சில வாரங்களுக்குப் பின் நடந்த சேர்ப்புச் சடங்கு, வழக்கம்போல் உறுப்பினர்களுக்கு மட்டுமானது. அம்மாவின் இல்லமாக இருந்திருந்தால், தன் பழைய தங்கப் பதக்கத்தை அம்மாவே மகளின் சட்டையில் குத்தியிருக்கலாம். பதக்கம் வெல்வெட் பெட்டிக்குள் கைப்பையில் இருக்க, அம்மா காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். மகள் வெளியே வந்ததும், "உள்ளே என்ன செய்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். "அதை உன்னிடம் சொல்லக் கூடாது அம்மா" என்றிருக்கிறாள் மகள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தன் தாயிடம் தானும் இதே பதிலைத்தான் சொன்னதாக, மறுநாள் வேலியருகே நின்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அந்த அம்மா.