ஆடி மாதத்துத் தேதிகள்

அவையோருக்கு வணக்கம்.

கல்யாணம், விளம்பரம் என்று ஓடுகிற புகைப்படக்காரர்களிடம் அடிக்கடி கேட்கிற குறை, "நமக்குன்னு எடுக்க நேரமே இல்லை" என்பது. அட்வான்ஸ் வாங்கிய முகூர்த்தத்தை மண்டபத்துக்காரர் வேறொருவருக்குத் தருவாரா? சொந்தப் படங்களுக்கும் அப்படித் தேதி பிடித்து வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் இருக்காது. புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும், முகூர்த்தங்களைக் குறிப்பதற்கு முன்பே, இந்த இரண்டிலும் பத்துப் பத்து நாளை உங்களுக்கென்று எழுதிவிடுங்கள். ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடி விளம்பர வேலையை ஆனியிலேயே முடித்துக் கொடுக்கப் பாருங்கள். அது தள்ளிப்போனால் ஆடியின் முதல் வாரம் போயிற்று.

பணத்துக்கும் இதே கதிதான். பேலன்ஸ் தொகை வரும்போதெல்லாம் நூற்றுக்கு ஐந்து ரூபாயைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மாதக் கடைசியில் மிச்சத்தைப் போடலாம் என்றிருந்தால் ஆல்பம் லேப் பாக்கியே அதை விழுங்கிவிடும்.

பலர் அடிபடுகிற இடம் உரிமை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவைப் படியுங்கள். ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கவைத்த படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்த நீங்கள் அல்ல. கல்யாண வீட்டில் பாட்டியின் கைகளை அற்புதமாக எடுத்திருப்பீர்கள். ஒப்பந்தம் இல்லாமல் அதைக் கண்காட்சியில் மாட்டவோ விற்கவோ முடியாது. ஆனாலும் எடுத்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. ஆகவே அட்வான்ஸ் வாங்கும் அன்றே இப்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: "பதிப்புரிமை படம் எடுப்பவருக்கே. குடும்பத்தார் தம் சொந்தத் தேவைக்கு எத்தனை பிரதியும் எடுக்கலாம்." ஆல்பம் கொடுத்த பிறகு கேட்டால் சந்தேகம்தான் வரும். உரிமை உங்களிடம் இருந்தாலும், முகம் தெரிகிற படத்தை வெளியே காட்டுமுன் அந்தக் குடும்பத்தைக் கேளுங்கள். அது சட்டத்துக்கும் மேலான மரியாதை.

தொழிலுக்குப் போன ஊரிலும் சொந்தப் படத்துக்கு நாள் தேடலாம். 1948 கடைசியில் வோக் என்ற ஃபேஷன் இதழின் வேலையாகப் பெரு நாட்டுக்குப் போனார் அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென். வேலை முடிந்ததும் குஸ்கோ ஊருக்குப் போய், அங்கிருந்த ஒரு ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்தார். பகல் வெளிச்சத்திலேயே மூன்று நாள், மலையூர் மக்களை எடுத்தார். அவருடைய மிகச் சிறந்த படங்களில் அவையும் சேரும். பயணச் செலவைத் தொழில் ஏற்றது. கூடுதல் நாள்களை அவர் தேடிக்கொண்டார். காரைக்குடியில் கல்யாண வேலை வந்தால் நீங்களும் இரண்டு நாள் தங்கலாம். அறை வாடகை உங்களுடையதாக இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: மெமரி கார்டுகளில் உள்ள கல்யாணப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டையும் வேறு வேறு பையில் வைத்த பிறகே வெளியே கிளம்புங்கள். சொந்தப் படத்துக்கு வேறு நிறக் கார்டு வையுங்கள். அவசரத்தில் தாலிகட்டு இருக்கிற கார்டை ஃபார்மேட் செய்துவிடுவது நடக்கக்கூடிய விபத்து.

இனி கண். 85 எம்எம் லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 என்று அகலத் திறந்து வைத்துப் பின்னணியைக் கரைத்தே பழகிய கை, தெருவிலும் அதையே செய்யும். தெரு காணாமல் போகும். 35 எம்எம் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, துவாரத்தைச் சுருக்கி எஃப் 8இல் வைத்து, ஒவ்வொரு படமாக எடுங்கள். கல்யாணப் படங்களுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் நிற அமைப்பான பிரீசெட்டையும் போடாதீர்கள். சருமத்துக்காகச் செய்த அந்தச் சூடான நிறம் சுண்ணாம்புச் சுவரையும் மஞ்சளாக்கிவிடும்.

24 மெகாபிக்சல் கோப்பு, 6000க்கு 4000 என்றால், 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 20க்கு 13 அங்குலம் வரை தாராளமாக வரும். ஆனால் பெரிய பிரிண்டுக்கு அவசரம் வேண்டாம். முதலில் 40 படங்களை 4க்கு 6 அளவில் பக்கத்து லேபில் போட்டு, தினமும் கண்ணில் படுகிற சுவரில் ஒட்டுங்கள். ஒரு மாதத்தில் 15 நின்றால் அதுவே நல்ல விளைச்சல். ஆல்பத்தில் முதல் பக்கம் பிடிக்கிற அழகான படங்கள்தான் அந்தச் சுவரிலிருந்து பெரும்பாலும் முதலில் இறங்கும். இறங்க விடுங்கள்.