அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் ஒன்றியப் பள்ளிக்கூடத்துல டீச்சரா சேந்து ஹெட்மிஸ்ட்ரஸா ரிட்டயர் ஆனவ. வளர்ந்து வாற நாடுகள்ல ஆரம்பப் பள்ளி ஆசிரியருங்க எண்ணிக்கை எப்படி கூடுதுன்னு பேசச் சொல்லிருக்காவ. உலகக் கணக்க கொஞ்சம் சொல்லிட்டு நம்ம திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்துருதேன், எனக்கு சொல்ல வேண்டியது அங்கதான் கெடக்கு.

2030க்குள்ள உலகம் முழுக்க இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர் வேணும்னு யுனெஸ்கோ சொல்லுது, சின்ன கிளாஸ் பெரிய கிளாஸ் எல்லாம் சேத்துதான், அதுல ஒன்றரைக் கோடி பேரு சஹாராவுக்குத் தெக்க இருக்க ஆப்பிரிக்க நாடுகளுக்கு மட்டும். மலாவின்னு ஒரு சின்ன நாடு, 1994ல ஆரம்பப் பள்ளிக்கு ஃபீஸே கிடையாதுன்னு சொன்னாங்க, 19 லட்சம் போல இருந்த பிள்ளைங்க மளமளன்னு 30 லட்சத்த தொட்டுட்டாங்க. இத்தன பிள்ளைங்களுக்கு டீச்சருக்கு எங்க போக? 20,000 பேரு கிட்ட ட்ரெயினிங் இல்லாமலே வேலைக்கு எடுத்தாங்க, அப்படியும் ஒண்ணாப்பு ரெண்டாப்புல ஒரே டீச்சர் முன்னால நூறு பிள்ளைக்கு மேல இருந்துது. இத நான் குறையா சொல்லல. பிள்ளைங்க வாசல்ல வந்து நிக்கும்போது கதவ சாத்த முடியுமா சொல்லுங்க.

நம்ம பக்கத்துல இது மெதுவா நடந்துது. 1820ல பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரு காலத்துலயே ஊர் ஊருக்கு பள்ளிக்கூடம் தொடங்குனாவ, அதுக்கு வாத்தியார தயார் பண்றதும் கூடவே நடந்துது. அப்பறம் இங்கிலாந்துக்கார அம்மா சாராள் தக்கர் பேருல பொம்பளப் பிள்ளைங்களுக்கு டீச்சர் ட்ரெயினிங், அந்தம்மா இந்தப் பக்கம் ஒரு நாளும் வந்ததே கிடையாது, ஆனா அவங்க பேரால வந்த பள்ளிக்கூடத்துல படிச்சு தேரிக்காட்டு ஊர்கள்ல இருந்தெல்லாம் எத்தன வாத்தியாரம்மா வந்துருக்காவன்னு நெனச்சுப் பாருங்க. வெளியூர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வரல, பக்கத்து ஊர் பிள்ளையையே படிக்க வச்சு பக்கத்து ஊருக்கே அனுப்புனாவ, அதனாலதான் அது நெலச்சுது. இன்னைக்கும் நீங்க எந்த ஊருக்குப் போனாலும் திருநெல்வேலி சி.எஸ்.ஐ. சபையோட ஒரு டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடமோ, கத்தோலிக்கருங்க நடத்துற ஆர்.சி. பள்ளிக்கூடமோ, இந்து தொடக்கப் பள்ளியோ இருக்கும் பாத்துக்கிடுங்க.

அப்பறம் காமராசர் காலம். சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ஓராசிரியர் பள்ளி வந்துது, எட்டாவது முடிச்சு ட்ரெயினிங் எடுத்த ஹையர் கிரேடு வாத்தியாருங்கதான் அப்பம் நெறய. 1956ல மதிய உணவுத் திட்டத்த தொடங்குன எட்டயபுரம் அன்னைக்கு நம்ம திருநெல்வேலி ஜில்லாவுலதான் இருந்துது. அப்பறமா 1981 ஜூன் 1ல ஒன்றியப் பள்ளி ஆசிரியருங்களும் அரசு ஊழியர் ஆனாவ. சம்பளம் மாசம் பொறந்தா வரும், பென்ஷன் உண்டுன்னு ஒரு உறுதி இருந்துது பாருங்க, அந்த உறுதிய நம்பித்தான் பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைங்க பிளஸ் டூ முடிச்சதும் டீச்சர் ட்ரெயினிங் சேந்தாவ, அம்மாமாரு முக்கூடல் பக்கம் தட்ட மடியில வச்சு பீடி சுத்தி ஃபீஸ் கட்டுனாவ, அந்தப் பிள்ளைங்களோட நானே வேலை பாத்துருக்கேன்.

இப்பம் அந்த உறுதி எங்க போச்சுன்னுதான் கேக்கேன். 2009 மே 31 வரைக்கும் சேந்த இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் நடத்துறவருக்கு, அடிப்படைச் சம்பளம் 8,370, மறுநாள் ஜூன் 1ல சேந்தவருக்கு 5,200, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம், ஒரே சாக்பீஸ். 2012ல டெட்னு சொல்லுற ஆசிரியர் தகுதித் தேர்வ மொதல் தடவ வச்சப்ப நூத்துக்கு ஒருத்தர்கூட தேறல. 2022ல காலி இடத்துக்கு தற்காலிகமா எடுத்த இடைநிலை ஆசிரியருக்கு மாசம் 7,500 ரூவா, பின்னால கூட்டுனாவ, ஆனா கூட்டுற வரைக்கும் அந்தப் பிள்ள பஸ்ஸுக்குக் குடுத்துட்டு வீட்டுக்கு என்னத்த குடுத்துருக்கும்? முனைஞ்சிப்பட்டியில டயட்னு அரசு ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கு, அங்க இந்த ரெண்டு வருஷ டீச்சர் ட்ரெயினிங் நடக்குது, வேலை கெடைக்குமான்னே தெரியாம எந்தத் தாய் தைரியமா அனுப்புவா?

கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்லுது, 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர், 60 பிள்ள வரைக்கும் ரெண்டு டீச்சர். கணக்கு சரிதான். ஆனா ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் வகுப்பு அஞ்சு. காலையில ஒன்பதரைக்கு உள்ள வந்து பாருங்க, ஒரு டீச்சர் மூணு வகுப்ப ஒரே ரூம்ல வச்சிருப்பாவ, எண்ணும் எழுத்தும்னு அரசுத் திட்டம், அதுல பிள்ளைங்க படிக்கிற நிலையப் பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு மூணு வட்டமா பிள்ளைங்க தரையில உக்காந்துருக்கும், அரும்புக்கு அட்டைய குடுத்துட்டு இந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள ஒண்ணாப்புப் பய ஒண்ணுக்கு வருதுன்னு நிப்பான், அதுக்கு நடுவுல எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, போன் வழியா அட்டெண்டன்ஸ் ஏத்தணும், டவர் கெடைக்காது, போன ஜன்னல் கம்பிக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கணும், மூணாப்புக்காரி கழித்தல்ல கடன் வாங்கத் தெரியாம நோட்டோட பின்னாலயே வருவா. இதுல ஹெட்மாஸ்டருக்கு மீட்டிங்னு போன் வந்துட்டா, அன்னைக்கு அஞ்சு வகுப்பும் அந்த ஒரே டீச்சருக்குத்தான்.

இதெல்லாம் பெத்தவங்க கண்ணுக்குத் தெரியாமலா இருக்கு? கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியம் வேன்ல ஏத்தி விடுதாவ. பிள்ள எண்ணிக்கை கொறையுது, ஆகஸ்ட் 1 கணக்குல ஒரு போஸ்ட் உபரின்னு வருது, பணிநிரவல்னு, அதாவது உபரி ஆசிரியர ஆள் தேவப்படுற பள்ளிக்கு மாத்துறதுல, அந்த டீச்சர் வேற ஊருக்குப் போயிருதாவ, அடுத்த வருஷம் இன்னும் நாலு பிள்ள கொறையுது. பிள்ள கொறஞ்சதால டீச்சர் கொறைஞ்சாவன்னு ஆபீஸ்ல சொல்லுதாவ, டீச்சர் கொறஞ்சதால பிள்ள கொறஞ்சுதுங்கதத்தான் நான் கண்ணால பாத்தேன். அதனால எத்தன ஆசிரியர் கூடிருக்காவன்னு மொத்தக் கணக்கு பாக்கறதவிட, வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காவளான்னு ஒவ்வொரு பள்ளிக்கூடமா பாக்கணும்னு சொல்லுதேன். 40 பிள்ள இருந்தாலும் சரி, அஞ்சு வகுப்புக்கு அஞ்சு டீச்சர், அது முடியலன்னா மொத கட்டமா மூணாவது டீச்சர்.

பெத்தவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிடுதேன். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் நடக்குது, அதுல முக்கால்வாசி மெம்பர் உங்கள மாதிரி பெத்தவங்கதான். கூப்பிட்டா பீடிக் கடைக்குப் போணும், காட்டு வேலைன்னு வராம இருந்துராதீங்க. ஆகஸ்ட் கணக்கு எடுக்கதுக்கு முன்னாலயே, ஜூன், ஜூலை கூட்டத்துலயே, எங்க பள்ளிக்கு மூணாவது ஆசிரியர் வேணும்னு தீர்மானம் போடச் சொல்லுங்க, வந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போடுங்க, ஒரு நகல வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல குடுத்து வாங்கிட்டோம்னு சீல் போட்டு வாங்கி வச்சுக்கிடுங்க. கிராம சபையிலயும் அதே தீர்மானத்த வைங்க. வணக்கம்.