'ஸ்பீட்' என்ற சொல்லுக்கு வேகம் வந்த கதை

[திரையில்: ஏவுதளத்தில் நிற்கும் அட்லஸ் ராக்கெட்]

1962 பிப்ரவரி 20 அன்று, அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து ஜான் கிளென் விண்வெளிக்குப் புறப்பட்டபோது, சக வீரரான ஸ்காட் கார்ப்பென்டர் "காட்ஸ்பீட், ஜான் கிளென்" என்று சொல்லி வழியனுப்பினார். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றப்போகிறவருக்குச் சொன்ன வாழ்த்து என்பதால், அதை வேகத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்வது இயல்புதான். ஆனால், கடவுள் உம் காரியத்தைக் கைகூடச் செய்வாராக என்பதே அதன் பொருள்.

அந்த வாழ்த்தில் உள்ள 'ஸ்பீட்' என்ற சொல், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பேட்' என்று ஒலித்தது. வெற்றி, செழிப்பு, செல்வம் ஆகியவற்றையே அது குறித்தது. செழித்தலைக் குறிக்கும் 'ஸ்போவன்' என்ற வினையோடு உறவுடையது.

[திரையில்: கிணற்றருகே படுத்திருக்கும் ஒட்டகங்கள்]

இந்தப் பழைய பொருள் 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்திலும் உயிரோடு இருக்கிறது. ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில், ஈசாக்குக்குப் பெண் தேடி வந்த ஆபிரகாமின் ஊழியக்காரர், ஊருக்கு வெளியே ஒட்டகங்களை மடக்கிவிட்டு, இன்று எனக்கு 'குட் ஸ்பீட்' அனுப்பும் என்று வேண்டிக்கொள்கிறார். ஒட்டகங்களே படுத்துவிட்ட இடத்தில் வேகத்துக்கு என்ன வேலை? தமிழ் விவிலியம் அதே இடத்தில் 'காரியம் சித்திக்கப்பண்ணி' என்று சரியாகவே சொல்கிறது.

பழைய ஆங்கிலக் காலத்தின் பிற்பகுதியிலேயே இச்சொல்லின் 'ஸ்பேடும்' என்ற உருபேற்ற வடிவம், போதலைக் குறிக்கும் வினைகளோடு சேர்ந்து 'விரைவாக' என்ற பொருளைத் தரத் தொடங்கியிருந்தது. தடங்கலின்றி நடக்கும் பயணம் சீக்கிரமாகவும் முடியும் என்பதால், இந்த நகர்வு அவ்வளவு விசித்திரமானதல்ல. ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் அது மெதுவானதோ விரைவானதோ, எந்த இயக்கத்தின் வீதத்தையும் குறிக்கும் பொதுச்சொல்லானது. நத்தைக்கும் ஸ்பீட் உண்டு என்று இயற்பியல் ஆசிரியர் சொல்ல முடிவது இதனால்தான்.

'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்' என்ற ஆங்கிலப் பழமொழி, அவசரப்பட்டால் வேகம் குறையும் என்று முரணாக ஒலிப்பதற்கும் இந்தப் பொருள்மாற்றமே காரணம். அவசரம் கூடினால் காரியம் கெடும் என்பதே அதன் பழைய கருத்து. நம் 'பதறாத காரியம் சிதறாது' அதற்கு மிக நெருக்கமானது.

[திரையில்: மருத்துவமனை வாசல் பலகை]

டச்சு மொழியில் இதே வேரிலிருந்து வந்த 'ஸ்பூட்' அவசரத்தைக் குறிக்கிறது. பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதிகளில், மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அதுவே பெயர்.