பின் சக்கரத்து முனகல்

நேயர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் பேசப்போகும் சத்தம் நிற்கிற வண்டியில் வராது. சிக்னல் விழுந்து வண்டி ஐம்பதைத் தாண்டியதும் ரேடியோவைக் குறைத்துவிட்டுப் பின்பக்கம் காது கொடுங்கள். ரேடியோவில் பேச வந்தவனே ரேடியோவைக் குறைக்கச் சொல்கிறான் என்று இங்கே முறைக்கிறார்கள். பரவாயில்லை.

சக்கரம் உரசாமல் சுழல உள்ளே இருக்கும் குண்டு வளையம்தான் வீல் பேரிங். அது தேய்ந்தால் 'ஊம்...' என்று ஒரு முனகல் வரும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் நிற்காது. அதனால் இன்ஜின் சத்தம் இல்லை என்று தெரியும். பாவம், பேரிங்கையும் குறை சொல்ல முடியாது. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் போகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால் 5 கோடி சுற்று. மழைக்காலத்தில் அண்டர்பாஸ் தண்ணீருக்குள் வண்டியை இறக்குகிறோம். பேரிங்கை மூடியிருக்கும் சீல் கொஞ்சம் கிழிந்திருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். என் தாத்தா ஊரில் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மை போடுவார். மை வற்றிய வண்டி வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். விஷயம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 30 வருடம் மெஷின் அசெம்பிளியில் இருந்தவன் நான். பேரிங் சத்தம் கேட்டே சோறு தின்றவன். அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன்.

என்னுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டி. கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது என் மனைவி, "ஏங்க, பாட்டுக்குள்ள யாரோ முனகுற மாதிரி இருக்கே" என்றாள். டயர் கடையில் காட்டினேன். "டயர் மேடு பள்ளமா தேஞ்சிருக்கு சார், பின்னாடி ரெண்டு மாத்துங்க" என்றார்கள். டயர் அப்படித் தேய்ந்தாலும் இதே முனகல்தான் வரும், அதனால் நம்பினேன். ஆனால் ஆல் வீல் டிரைவில் இரண்டை மட்டும் மாற்றுவது நல்லதல்ல. புது டயர் கொஞ்சம் பெரிது, பழையது கொஞ்சம் சிறிது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் நடுவில் இரண்டையும் இணைக்கும் கப்ளிங்குக்கு ஓய்வே இருக்காது. எனவே நான்கு டயரும் வாங்கினேன். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓசூர் ரோட்டில் ஏறினால், எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அதே 'ஊம்'. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டை மட்டும் நிறுத்தினாள்.

காசு செலவில்லாமல் முதலில் செய்திருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் செய்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். பஸ் வலப்பக்கம் திரும்பினால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள்? இடப்பக்கம். வண்டியின் பாரமும் அப்படித்தான். நைஸ் ரோட்டின் நீண்ட வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது முனகல் ஏறியது, இடப்பக்கம் திரும்பும்போது அடங்கியது. அப்படியென்றால் பாரம் ஏறும்போது முனகும் இடப்பக்கம்தான் நோய். அதுவரை வலப்பக்கம் என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். வண்டியின் தகடு வழியாக வரும் சத்தம் காதை ஏமாற்றும்.

வீட்டில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். இடது சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே சுருள் ஸ்பிரிங்கில் இரண்டு விரலை வைத்தேன். விரல் நுனியில் நறநறவென்று ரவை அரைபடுவதுபோல இருந்தது. வலப்பக்கம் வெறும் வழவழப்பு. கையால்தான் சுழற்ற வேண்டும், மறந்துவிடாதீர்கள். பின்சக்கரம் மட்டும் தூக்கியிருக்கும்போது இன்ஜினைப் போட்டுக் கியரில் விட்டால், தரையில் இருக்கும் முன்சக்கரம் இழுத்து வண்டியே குதித்து இறங்கிவிடும்.

அப்புறம் மாற்றும் வேலை. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார்களில் பின்பக்கம் வெறும் குச்சி மாதிரி ஓர் அச்சுதான், வேலை சுலபம். நம் வண்டியில் பின்னாலும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட், சக்கரம் மாட்டும் ஹப்புக்குள் நுழைந்து வருகிறது. பெரிய நட்டைக் கழற்றி, ஷாஃப்டைப் பின்னே தள்ளி, ஹப்பை உருவி, பேரிங்கைப் பிடித்திருக்கும் கிளிப்பான சர்க்ளிப்பை எடுத்து, அதன் பிறகுதான் பேரிங். துருப்பிடித்திருந்தால் அரை நாள் போய்விடும்.

முதலில் போன பட்டறையில் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் இல்லை. பையன் சுத்தியை எடுத்தான். நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன், அதுதான் என் வாழ்நாள் வெட்கம். சுத்தியால் அடிக்கும்போது குண்டுகள் தாம் உருளும் தடமான ரேஸில் பள்ளம் போடும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம். புதுப் பேரிங் இரண்டே மாதத்தில் முனகியது. திரும்பவும் சொல்கிறேன், சுத்தி கூடாது. வெளி வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமானால் வெளி வளையத்தை அழுத்து. ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடு. குண்டுகள் வழியாக அழுத்தம் போகவே கூடாது.

இரண்டாம் முறை ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பிரஸ் வைத்திருக்கும் ஆம்பூர்க்காரப் பெரியவரிடம் போனேன். "ஐயா, பேரிங்கை ராத்திரி பிரிட்ஜில் வெச்சு எடுத்துட்டு வாங்க, கொஞ்சம் சுருங்கும்" என்றார். பேரிங்கை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். "இட்லி மாவு வைக்கிற இடத்துல கார் சாமானா?" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து. மறுநாள் பிரஸ் கைப்பிடியை அவர் மெல்ல இழுக்க, பேரிங் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. அடித்தட்டில் உட்கார்ந்ததும் ஒரே ஒரு 'டக்'. அந்த 'டக்'கைக் கேட்கத்தான் நான் 30 வருடம் வேலைக்குப் போனேன் என்று...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல புதுப் பேரிங்குகளில் ஒரு பக்கத்துச் சீலில் காந்தப் பட்டை இருக்கும். அது சக்கர வேகத்தைப் படிக்கும் ஏபிஎஸ் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஆல் வீல் டிரைவும் தகராறு பண்ணலாம். பெரிய நட் புதிதாகப் போடுங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், உங்கள் வண்டி மேனுவலில் உள்ள அளவுக்கு, சக்கரம் தரையைத் தொடும் முன்பே இறுக்குங்கள்; ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். நட் லூஸாக இருக்கும்போது பாரம் இறங்கினால் புதுப் பேரிங்கும் கெட்டுப்போகும். ஒரு பக்கம்தான் போயிருக்கிறது என்றால் ஒரு பக்கம் மாற்றினால் போதும். போலிப் பேரிங்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. பில் கொடுக்கிற கடையில் வாங்குங்கள், அவ்வளவுதான். வணக்கம்.