இரண்டு வலது கைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸுக்குப் போயிருந்தபோது, நானும் என் கணவரும் ஒரு முழு நாளை ஒரே இடத்துக்கென்று ஒதுக்கிவைத்தோம். ‘வரேன்’ என்று நம் காதுக்குச் சொந்தம்போல ஒலிக்கும் மெட்ரோ நிலையத்தில் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தால் ரோதான் அருங்காட்சியகம்.

சிற்பி ஒகுஸ்த் ரோதான் 1908-இல் அந்தப் பழைய மாளிகையில் வாடகைக்கு அறைகள் எடுத்து வேலை செய்தவர். 1916-இல் தன் படைப்புகளைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிக்கொடுத்தார். மறு வருடம் காலமானார். 1919-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதனால் உள்ளே நுழையும்போது ஒருவர் இருந்த வீட்டுக்குள் போகிற உணர்வுதான் வருகிறது. உயரமான ஜன்னல்கள். அவற்றின் வழியே வரும் பகல் வெளிச்சம் சிற்பங்கள்மேல் விழுகிறது.

முதலில் தோட்டம். ரோஜாச் செடிகளுக்கு நடுவே ரோதானின் ‘சிந்தனையாளன்’ சிலை. படத்தில் பார்த்துப் பார்த்து, சாவகாசமாக உட்கார்ந்திருப்பவன் என்றே நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே ஒருமுறை அப்படி உட்கார்ந்து பாருங்கள். வலது முழங்கையை இடது தொடையில் ஊன்ற வேண்டும். வயிறு மடங்கும், தோள் திருகும், சற்று நேரத்திலேயே வலிக்கும். பின்பக்கம் போய் நின்றோம். முதுகு முழுக்க முறுக்கேறியிருக்கிறது. கால்விரல்கள் பாறையைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அதன்பிறகு எந்தச் சிற்பத்தையும் சுற்றி வராமல் விடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

உள்ளே ‘முத்தம்’ என்ற சலவைக்கல் சிற்பத்தைச் சூழ்ந்து கூட்டம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. 1908-இல் செய்தது. ஏறக்குறைய ஒன்றரை முழம் உயரமுள்ள கல். அதில் இரண்டு கைகள் மேல்நோக்கி எழுந்து, ஒன்றையொன்று தழுவுவதுபோல வளைந்து, விரல் நுனிகள் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கின்றன. பெயர் ‘கதீட்ரல்’, அதாவது பெரிய தேவாலயம். கும்பிடப் போகிற கைகள் என்று நினைத்தேன்.

“நல்லாப் பாரு, ரெண்டும் வலது கை” என்றார் என் கணவர்.

என் இரண்டு கைகளையும் அதேபோல வைத்துப் பார்த்தேன். அமையவில்லை, கட்டைவிரல் தப்பான பக்கம் வந்து நிற்கிறது. அவர் தன் வலது கையை நீட்டினார். நான் என் வலது கையைக் கொண்டுபோனேன். உடனே அமைந்துவிட்டது. ஒருவர் தனியாக இருந்து இதைச் செய்ய முடியாது, இரண்டு பேர் வேண்டும். கைகள் நடுவே அவர்கள் விட்டிருக்கும் வெற்றிடம்தான் தேவாலயத்தின் விதானம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதே மனநிலையோடு கமீய் க்ளோதெலின் சிற்பங்களுக்கு வந்தோம். ரோதானின் மாணவி, அவர் பட்டறையில் உழைத்தவர், காதலி. அவருடைய ‘முதிர்வயது’ என்ற வெண்கலச் சிற்பத்தில் ஒரு கிழவி ஓர் ஆணை முன்னே இழுத்துப் போகிறாள். பின்னால் ஓர் இளம்பெண் மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். அவனுடைய ஒரு கை இன்னும் பின்னுக்கே நீண்டிருக்கிறது. ஆனால் அவள் விரல்களுக்கு எட்டவில்லை. க்ளோதெலின் சொந்த வாழ்க்கையையே இதில் காண்பவர்கள் உண்டு. கதை தெரியாவிட்டாலும் அந்தக் கைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி போதும். 1913-இல் குடும்பத்தார் அவரை மனநல விடுதியில் சேர்த்தார்கள். முப்பது ஆண்டுகள் அத்தகைய விடுதிகளிலேயே கழிந்து, 1943-இல் இறந்தார். அந்தச் சிற்பத்தின் பக்கத்தில் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வெளியே வந்து, தோட்டத்துப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு காப்பி. அப்போதுதான் அவரிடம் சொன்னேன்: ரோதான் நம் நடராசரைப் பற்றி எழுதியிருக்கிறார், அவர் இறந்த பிறகு 1921-இல் அது வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்து எழுதியது. செப்புத் திருமேனியை அவர் நேரில் கண்டதில்லை. “நேர்ல பாத்திருந்தா எத்தனை சுத்து சுத்தி வந்திருப்பாரு!” என்றார் இவர். எனக்குத் தொண்டை அடைத்தது.

மூடும் நேரம் நெருங்கியதும் மறுபடி ‘கதீட்ரல்’ இருந்த இடத்துக்குப் போனோம். கூட்டம் கலைந்திருந்தது. முதலில் பார்த்தபோது எதிரில் நின்று, இது என் கை, இது அவர் கை என்று மனத்துக்குள் பிரித்து வைத்திருந்தேன். இப்போது மெல்ல மறுபக்கம் போனேன். அங்கிருந்தும் அதே இரண்டு வலது கைகள், அதே வளைவு. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னொரு சுற்று வந்தோம். காவலர் வாசலருகே வந்து, அவசரப்படுத்தாமல், காத்துக்கொண்டு நின்றார்.