டோஜோ குன்ல ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு கிடையாது

ஓஸ் மக்களே! இன்னைக்கு கராத்தே கட்டா (தனியா செய்ற அசைவுத் தொடர்) வீடியோன்னு போன வாரம் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகுது. முதல்ல இந்தப் பலகையைப் பாருங்க. டோஜோ, அதாவது கராத்தே கத்துக்கிற கூடம், அதோட செவுத்துல மாட்டுற டோஜோ குன், அங்க எல்லாரும் ஒப்பிக்கிற அஞ்சு வரி நெறி. விலை 480 ரூபா, டெலிவரிக்கு தனியா 60, ஆக 540. பிரிண்ட் அருமை, ஓரம் கூட மடங்கல. ஆனா இடது பக்கம் பாருங்க: 1, 2, 3, 4, 5. இதைப் பார்த்ததுல இருந்து எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஷோட்டோகான்ங்கிற கராத்தே பாணியோட டோஜோவுல இதை ஜப்பானிய மொழியில சொல்லும்போது அஞ்சு வரியும் ஒரே சொல்லுல தான் ஆரம்பிக்கும். ஹிதோட்சு. 'ஒண்ணு'ன்னு அர்த்தம். அடுத்த வரி ரெண்டு இல்ல, மறுபடியும் ஹிதோட்சு தான். குணத்தை முழுமையாக்கப் பாடுபடு, உண்மையான வழியைக் காப்பாத்து, விடாமுயற்சியை வளர்த்துக்கோ, மரியாதையைப் பெருசா மதி, ரத்தம் கொதிச்சு வர்ற வீரத்தை அடக்கு. இதுல பெருசு சிறுசு எதுவும் கிடையாது. ஷோட்டோகானைத் தொடங்கின ஃபுனாகோஷி கிச்சின் கொடுத்த 20 நெறிகளையும் இதே மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி 'ஒண்ணு' போட்டுத் தான் எழுதுவாங்க. நம்பர் போட்டா அஞ்சாவது கடைசி ஆயிடும். பசங்க ஒப்பிக்கிற வேகத்துல கடைசி வரி வாய்க்குள்ளயே கரைஞ்சு போயிடும்.

அந்தக் கடைசி வரியை இதுல 'வன்முறையைத் தவிர்'னு போட்டிருக்காங்க. எனக்குப் பிடிக்கவே இல்ல. இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்றாங்க, அதை அப்படியே எடுத்துட்டாங்க. மூலத்துல இருக்கிறது 'கெக்கி நோ யூ'. கெக்கின்னா ரத்தத்தோட சூடு, யூன்னா வீரம். கோபத்துல வர்ற துணிச்சலை அடக்கி வைன்னு சொல்லுது. குமித்தேல, அதாவது ரெண்டு பேர் மோதிப் பழகுறதுல, இதைக் கண்ணாலயே பார்க்கலாம். ஒருத்தருக்கு முகத்துல ஒரு குத்து பட்டுடுச்சுன்னு வைங்க. உடனே திருப்பிக் குத்தப் போவார். முதல்ல தோள் மேல ஏறும். பின்னால இழுக்க வேண்டிய கை, அதான் ஹிகிதே, இடுப்புக்கு வராம அந்தரத்துல நிக்கும். மூச்சைப் பிடிச்சுக்குவார். இடைவெளி சுருங்கிடும், குத்தை இலக்குக்கு முன்னாடியே நிறுத்துற சுன்-தோமேக்கு இடமே இருக்காது. அடுத்த காயம் அங்க தான். பழக வேண்டியது இது: குத்து பட்டா ஒரு ஸ்டெப் பின்னால போங்க, மூச்சை முழுசா வெளிய விடுங்க, தோளை இறக்குங்க. அதுக்கப்புறம் தான் அடுத்த டெக்னிக்.

இந்த வரிக்குப் பக்கத்து வீடு தான் 'கராத்தே நி சென்தே நாஷி', கராத்தேல முதல் தாக்குதல் கிடையாதுங்கிறது. ஜப்பான்ல காமாகுராவுல எங்காகு-ஜி கோயில்ல ஃபுனாகோஷிக்கு 1968ல வச்ச நினைவுக்கல்லுல இந்த வாசகம் இருக்கு. ஹெய்யான்ங்கிற ஆரம்பக் கட்டா அஞ்சும் தடுப்புல தான் ஆரம்பிக்கும். அதுல முதலாவதான ஹெய்யான் ஷோதான் எடுத்துக்கோங்க. முதல்ல பார்வை இடது பக்கம். இடது கை முஷ்டி வலது தோளுக்குப் போகணும். இடது கால் முன்னால, ஜென்குட்சு-தாச்சி, அதாவது முன்கால் முட்டியை மடிச்சு நிக்கிற நிலை, முன்காலுல ஏறக்குறைய 60 சதவீத எடை, பின்கால் நீட்டி இருக்கணும். அப்புறம் கெடான் பராய், அதான் கீழ் தடுப்பு, முஷ்டி முன்கால் முட்டிக்கு மேல சுமார் 15 சென்டிமீட்டர்ல நிக்கணும். நிறைய பேர் தோளுக்குக் கையைக் கொண்டு போகாம நேரா கீழ தட்டுறாங்க, அதுல பலமே இருக்காது. இன்னும் சிலர் கை, கால் முட்டியைத் தாண்டி வெளிய போற அளவுக்கு வீசுறாங்க, நடு உடம்பு திறந்துடுது. தடுப்பை அரைகுறையா முடிச்சுட்டு அடுத்த குத்துக்கு ஓடுறவங்க, வாயால சென்தே நாஷி சொல்லி என்ன பிரயோஜனம்?

அய்யோ, மரியாதை வரியை விட்டுட்டேன். கொஞ்சம் பின்னால போவோம். ஃபுனாகோஷியோட 20ல முதல்ல நிக்கிறதே கராத்தே வணக்கத்துல ஆரம்பிச்சு வணக்கத்துல முடியுதுங்கிறது தான். நின்னு வணங்கும்போது குதிகால் ரெண்டும் சேர்ந்து, பாத முனை விரிஞ்சு இருக்கணும். கை தொடையோட பக்கவாட்டுல. இடுப்புல இருந்து 30 டிகிரி போல குனிஞ்சு, ஒரு கணம் நின்னு, எழுந்திருக்கணும். கழுத்தை மட்டும் ஆட்டுறது வணக்கமே இல்ல. செய்சாவுல, அதாவது மண்டி போட்டு குதிகால் மேல, உட்காரும்போது இடது முட்டி முதல்ல, எழும்பும்போது வலது கால் முதல்ல. குனியும்போது இடது கை தரைக்கு முதல்ல போகும், பின்னாடியே வலது கை. இங்க பெரிய தப்பு, பின்பக்கம் குதிகாலை விட்டுத் தூக்கிடும். முதுகு நேரா இருக்கிற வரைக்கும் குனிஞ்சா போதும். ஆங், அதுக்கு முன்னாடி மொகுசோ இருக்கு, கண்ணை மூடி மூக்கு வழியா நிதானமா மூச்சு. அதை அவசரப்படுத்தாதீங்க.

சரி, 540 ரூபா பலகை. தூக்கிப் போட மனசு வரல. அஞ்சு நம்பர் மேலயும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டப் போறேன். ஜப்பானிய எழுத்துல ஒண்ணுங்கிறது இடமிருந்து வலமா ஒரே ஒரு படுக்கைக்கோடு தான். கறுப்பு மார்க்கர் போதும். கடைசி வரிக்கு ஸ்டிக்கர் கொஞ்சம் நீளமா வேணும், அங்க 'ரத்தம் கொதிச்சு வர்ற வீரத்தை அடக்கு'ன்னு முழுசா எழுதணும்.